புளிப்பில்லாத பூண்டு

தறி ஓடாத நாளாக இருந்ததால்தான் மஞ்சுளாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

வெண்ணந்தூரில் அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறிகள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சடக் சடக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்தால் தலைவலி வந்தது. ஆறு வருஷம் கழித்து இப்போது சத்தம் நின்றால் தலைவலி வருகிறது. இன்றைக்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்தடை, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. தறி நின்றது, மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜின் முனகலும் நின்றது. வெயில் ஏற ஏறக் கூரைத் தகடு நெளிவதுகூடக் கேட்கிற அந்த அமைதியில், சமையலறை அலமாரியிலிருந்து 'டக்' என்று ஒன்று கேட்டது.

பல்லியாக இருக்கும் என்று துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'டக்'. தகரத்தை நகத்தால் சுண்டியதுபோல. எழுந்து போய்ப் பார்த்தாள்.

சுவரில் அடித்த அலமாரியின் கீழ்த்தட்டில் பூண்டு ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவள் அடுக்கி வைத்தது ஐந்து. இப்போது பத்து இருந்தன.

மெதுவாக எண்ணினாள். பத்துதான். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று, அதே எண்ணெய், அதே சிவப்பு, அதே மெழுகு. கையை நீட்டி ஓரத்தில் இருந்ததைத் தொடப் போனாள். விரல் ஒன்றும் இல்லாத இடத்துக்குள் புகுந்து பலகையில் இடித்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஐந்து. இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பத்து.

தூக்கம் போதவில்லை, வேறொன்றும் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒற்றைக் கண்ணாலேயே பாட்டில்களைப் பார்த்தபோது மூடிகள் கண்ணில் பட்டன. தட்டையாக அழுந்தியிருந்த தகர மூடிகளில் இரண்டு, நடுவில் மேலே எழும்பியிருந்தன. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினாள். 'டக்' என்று உள்ளே போனது. விரலை எடுத்ததும் 'டக்' என்று மேலே வந்தது.

வாசலில் கூப்பிடும் குரல். பக்கத்துத் தறிக்காரர் வீட்டு ஜெயப்பிரியா, புதுப் புடவையில் நின்றிருந்தாள்.

"அக்கா, கரண்டு வர அஞ்சு மணி ஆயிருமுங்க. நாங்க எல்லாரும் ராசிபுரத்துல ஒரு சீருக்குப் போயிட்டுப் பொழுதோட வாரோம். ஊட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க." பிறகு மஞ்சுளாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க கண்ணு இப்படிச் சொருவிக் கெடக்குது? அண்ணன் போயி அஞ்சு நாள்தானே ஆச்சு, அதுக்குள்ள இத்தனை ஏக்கமா?"

"போடி, தூக்கமில்ல," என்று மஞ்சுளா சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்ததுபோல் இருந்தது. ஜெயப்பிரியா போன பிறகு உள்ளே வந்து சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாக வெளியே வந்தது.

நந்தகுமாருக்காகப் போட்ட ஊறுகாய் அது. அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்திலும் அதற்கு அப்பாலும் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு அலைகிறவன். 'ஊறுகா இல்லாம அந்த ஊர்ச் சோறு ஒரு வாய் எறங்காது மஞ்சு' என்பான். ஒவ்வொரு பயணத்துக்கும் அவள்தான் அவனுக்கும் அவனோடு போகும் ஆட்களுக்கும் சேர்த்துப் போட்டுத் தருவாள். புளியும் உப்பும் தாராளமாக, பீங்கான் ஜாடியில், வாயில் வெள்ளைத் துணி கட்டி. போன பயணத்தில் இரண்டு தொல்லை வந்தது. குண்டுங்குழியுமான ரோட்டில் ஜாடி ஆடி எண்ணெய் கசிந்து அத்தனை பேர் போர்வையும் நாசம். அதோடு அவனுக்கு வயிற்றில் புண்ணாகி, புளிப்பும் உறைப்பும் ஆகாது, உப்பைக் குறை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் இந்தத் தடவை புது மாதிரி. புளி இல்லை, எலுமிச்சை இல்லை, உப்பு பேருக்கு. பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பினாள். போனில் ஒரு வீடியோவில் பார்த்ததுபோல், பாட்டில்களை இட்லிக் குண்டானில் இறக்கி அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, சூட்டோடு மூடியை இறுக்கினாள். காற்றுகூடப் போகக்கூடாது என்று மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினாள். கவிழ்த்துப் பார்த்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. பன்னிரண்டு பாட்டில். ஆறு அவனோடு போனது. ஐந்து அடுத்த வண்டியில் அனுப்ப இங்கே இருக்கிறது. மீதி ஒன்றைத் திறந்து மூன்று நாளாக அவளே மதியம் தயிர்சோற்றோடு தின்றுகொண்டிருக்கிறாள்.

நன்றாகத்தான் இருந்தது. இதுவரை போட்டதிலேயே இதுதான் நல்ல ஊறுகாய் என்றுகூட நினைத்திருந்தாள்.

இப்போது திறந்த பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பூண்டு வாசம், எண்ணெய் வாசம், வேறு எதுவும் இல்லை. கெட்டுப்போன எதற்கும் ஒரு நாற்றம் இருக்கும், ஒரு பூஞ்சை இருக்கும், நாக்கில் ஒரு கசப்பு இருக்கும் என்றுதான் அவள் பிறந்ததிலிருந்து தெரிந்துவைத்திருக்கிறாள். இதில் ஒன்றும் இல்லை. மூடி மட்டும் எழும்புகிறது.

போனை எடுத்தாள். ராத்திரி சார்ஜ் போட மறந்திருந்தாள், இருபத்தொரு சதவீதம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அந்த வீடியோவைத் தேடி எடுத்தாள். பன்னிரண்டு நிமிஷ வீடியோ. முதல் ஏழு நிமிஷம் பார்த்ததுமே செய்முறை பிடிபட்டுவிட்டது என்று அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுப்பு பற்ற வைத்திருந்தாள். மிச்ச ஐந்து நிமிஷத்தை இப்போது ஓட்டினாள்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நிதானமாகச் சொன்னாள். "இந்தக் கொதிநீர் முறை புளிப்பு இருக்கும் பொருளுக்கு மட்டும்தான். பூண்டு, காளான் போன்ற புளிப்பில்லாததை எண்ணெயில் போட்டு இப்படிக் காற்றுப்புகாமல் அடைக்கவே கூடாது. கொதிக்கிற தண்ணீரிலும் சாகாத கிருமி ஒன்று உண்டு. காற்றில்லாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். அது விடும் விஷத்துக்கு மணம் கிடையாது, ருசி கிடையாது. சில சமயம் மூடி உப்பும், சில சமயம் அதுவும் இருக்காது. சாப்பிட்டவருக்குப் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். இமை தொங்கும். விழுங்க முடியாது, நாக்கு குழறும். கை கால் ஓயும். கடைசியில் மூச்சு. நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல்..."

அவள் நிறுத்தினாள். பதினேழு சதவீதம்.

ஆறு பாட்டில். அவன், கம்பரசர் ஓட்டும் நவநீதகிருஷ்ணன், இன்னும் மூன்று பேர். வயிறு ஐந்து.

ஒரே ஒரு நம்பிக்கை அவளைப் பிடித்து நிறுத்தியது. நந்தகுமார் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பயணத்தின் முதல் போர்க் கிணற்றில் தண்ணீர் பீறிடும்வரை புது ஊறுகாயை யாரும் உடைக்கக்கூடாது. தண்ணீர் வந்ததும் வண்டிக்குக் கற்பூரம் காட்டி, வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டுத் தண்ணீரைக் காட்டிவிட்டு, அப்புறம்தான் மெழுகை உடைத்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆறு வருஷத்தில் ஒருமுறையும் அவன் அதை மீறியதில்லை. நேற்று ராத்திரி வந்த குறுஞ்செய்தியில், நாளைக்கு மத்தியானத்துக்குள் முதல் போர் என்று எழுதியிருந்தான். வீடியோ இன்னும் வரவில்லை. அப்படியென்றால் மெழுகு இன்னும் உடையவில்லை.

கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். நான்காவது முறை எடுத்தார்கள். எடுத்ததுமே கம்பரசரின் இரைச்சல் காதைக் கிழித்தது.

"அண்ணிங்களா? நவநீதமுங்க," என்று தூரத்தில் ஒரு குரல் கத்தியது. "அண்ணன் கேபின்ல சாஞ்சிருக்காருங்க. கண்ணு எரியுதுங்கறாரு. வெயிலு அப்படிங்க இங்க."

"நவநீதம், அந்த ஊறுகாயைத் தொடாதீங்க," என்றாள். தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோபோல் கேட்டது. மூக்கால் வந்தது. "தொடாதீங்க. எடுத்து வீசுங்க."

"ஒண்ணுமே கேக்கலீங்க. கம்பரசர் ஓடுதுங்க. எரநூத்தம்பது அடி போயாச்சு. தண்ணி வந்ததும் அண்ணனே வீடியோல கூப்புடுவாருங்க, வெச்சர்றேன்."

வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டாள், கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை. பதிமூன்று சதவீதம். டவருக்கும் கரண்ட் இல்லாததாலோ என்னவோ, சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கி இறங்கி ஏறியது.

சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தி, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள். 'பூண்டு ஊறுகாய் விஷம். யாரும் சாப்பிடாதீங்க. சாப்பிட்டிருந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.' அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது டிக் விழுந்ததுபோல் தெரிந்தது. கண்ணைப் பொத்திப் பார்த்தாள். ஒன்றுதான்.

அலமாரியில் இன்னும் மூன்று மூடிகள் தட்டையாகவே இருந்தன.

தெருவுக்குப் போகலாம் என்று எழுந்தாள். கால்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் தாமதமாக வந்தன. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். வெயில் காய்ந்த தெரு, பூட்டிய தறிக்கூடம், வேலியில் காயும் பாவு நூல், இரண்டாகத் தெரிந்த ஒரே வேப்பமரம். அவள் வாயிலிருந்து வந்தது வார்த்தையாக இல்லை. படுத்திருந்த நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு அதுவும் எழுந்து நிழல் மாறிப் படுத்தது.

நூற்றெட்டுக்கு அடிக்கலாம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் இந்த நாக்கை வைத்துக்கொண்டு ஊரையும் தெருவையும் சொல்லிப் புரியவைக்க எத்தனை நேரம் ஆகும்? போனில் இருப்பது ஒன்பது சதவீதம். அவன் வீடியோவில் கூப்பிடும்போது போன் அணைந்திருந்தால், 'மஞ்சு தூங்குறாளாட்டம்' என்று சிரித்துவிட்டு மெழுகை உடைப்பான். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. தன் உயிரைவிட அவன் உயிர் பெரிது என்றெல்லாம் அவள் கணக்குப் போடவில்லை. அவன் சாப்பாட்டில் தன் கையாலேயே விஷத்தை வைத்து, மெழுகு ஊற்றி, புருவத்துக்கு நடுவில் பொட்டு வைப்பதுபோல் ஒவ்வொரு மூடிக்கும் குங்குமமும் வைத்து அனுப்பியிருக்கிறோம் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த அழைப்புக்காகப் போனை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

பேச முடியாது. ஆனால் காட்டலாமே.

பாட்டில்களில் தேதி எழுதிய மார்க்கர் பேனா அலமாரிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சுவர்க் காலண்டரைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்து விழுந்தது. ஒரு தாளைத் திருப்பித் தரையில் போட்டு, முழங்காலால் அழுத்திக்கொண்டு எழுதினாள். பேனா விரல்களில் நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து எழுதினாள்.

விஷம். திங்காதே.

இரண்டே சொல். அதற்கே அரைமணி நேரம் ஆனது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை வாங்க, போங்க என்றுதான் பேசியிருக்கிறாள். மரியாதைக்கு இன்னும் இரண்டு எழுத்து எழுத அவள் கையில் தெம்பு இல்லை.

அலமாரிக்கு அடியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். போனை மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டாள். இமைகள் தாமாக இறங்கின. புருவத்தை எவ்வளவு உயர்த்தினாலும் ஏறவில்லை. மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்குக் கீழே மிச்சமிருக்கும் இடுக்கு வழியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். எதிரே எவர்சில்வர் தட்டில் அவள் முகம் தெரிந்தது. மூக்கு நுனி மேலே, வாய் லேசாகத் திறந்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் கீற்று. யாரையோ ஏளனமாகப் பார்க்கும் முகம். அவளுடையது இல்லை.

நினைவு மட்டும் துளிகூட மங்கவில்லை. தயிர் புளிக்கும் வாசனை தெரிந்தது. ஈ ஒன்று முழங்கையில் நடப்பது தெரிந்தது. அதை விரட்ட முடியவில்லை.

தலைக்கு மேலே, 'டக்'.

மூன்றாவது மூடி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மூச்சை எண்ணினாள். உள்ளே இழுப்பது பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று மார்பிடம் கெஞ்சினாள்.

'டக்'. நான்கு.

ஆறு சதவீதம்.

வா. கூப்பிடு. சீக்கிரம் தண்ணீர் வரட்டும். வராமலே போகட்டும். இல்லை, வரட்டும். கூப்பிடு.

'டக்'.

ஐந்து. அலமாரியில் இனி எழும்ப மூடி இல்லை.

போன் அதிர்ந்தது. மாவு டப்பா நடுங்கியது. வீடியோ அழைப்பு. அவன் படம்.

கூப்பிட்டுவிட்டான். வழக்கத்தை மீறவில்லை. அப்படியென்றால் இன்னும் உடைக்கவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது. அந்த ஒரு கணம் அவளுக்கு வந்த சந்தோஷம், அவன் பெண் பார்க்க வந்த அன்றுகூட வந்ததில்லை. கையைத் தரையில் இழுத்து இழுத்துக் கொண்டுபோய், விரல் மடங்காததால் மணிக்கட்டால் திரையைத் தேய்த்தாள். எடுத்துக்கொண்டது.

இரைச்சல். கம்பரசர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்க வெள்ளைச் சேற்றுத் தண்ணீர், ரிக் கோபுரத்தைவிட உயரமாகப் பீறிட்டு வெயிலில் சிதறிக்கொண்டிருந்தது. முதல் தண்ணீர். துளையிடும் ராடு சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நிறுத்த யாரும் இல்லை.

தாளை உயர்த்தினாள். மார்புவரைதான் ஏறியது. பல்லால் மேல் ஓரத்தைக் கவ்விக்கொண்டாள். எழுத்து அவனுக்குத் தெரியும். தெரிய வேண்டும்.

போன் அவன் கையில் மெல்லத் திரும்பியது.

மரத்தடி. விரித்த தார்ப்பாய். வட்டமாக ஐந்து பேர். நடுவில் பாட்டில்கள், ஆறும். நான்கில் மெழுகு உடையாமல் குங்குமத்தோடு இருந்தது. இரண்டில் மெழுகை யாரும் உடைத்திருக்கவில்லை. மூடி தானே எழும்பி, டேப்பைக் கிழித்துக்கொண்டு திறந்திருந்தது. வழியிலேயே, என்றைக்கோ, அதே 'டக்' சத்தத்தோடு. தானாகத் திறந்ததை வீணாக்குவானேன் என்று தின்றிருக்கிறார்கள். அவற்றின் அடியில் விரல் கனம் எண்ணெய் மட்டும் மிச்சம்.

யாரும் பேசவில்லை. யாரும் எழுந்து போய்க் கம்பரசரை நிறுத்தவில்லை. தட்டில் சோறு. சோற்றின் மேல் ஈ. சேற்றுத் தண்ணீர் தார்ப்பாயின் ஓரத்தை நனைத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. யாரும் காலை மடக்கவில்லை.

திரை அவன் முகத்தில் வந்து நின்றது.

நந்தகுமார் மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, இரண்டு வெள்ளைக் கீற்றுகளால் அவளைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் நவநீதகிருஷ்ணனும் அப்படியே. மற்ற மூன்று பேரும் அப்படியே. திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில், தாளைக் கவ்விக்கொண்டு அவளும்.